நடுமைதானத்தில் நிற்கும் புல்வெட்டி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐயா, வெள்ளவத்தையில் ஒரு பாடசாலை மைதானத்தைப் பராமரிக்கும் பொறுப்பில் இருக்கிறேன். ஆள் அமர்ந்து ஓட்டும் புல்வெட்டும் இயந்திரம் ஒன்று எங்களிடம் உள்ளது. 17 பரிவலு, ஒற்றைச் சிலிண்டர், ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின். ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைந்திருந்ததால் அதை வெளியே எடுக்கவில்லை. சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்குப் பின்னர் எடுத்தபோது உடனே ஸ்டார்ட் ஆனது. ஆனால் 15, 20 நிமிடம் வெட்டியதும் எஞ்சின் மூச்சு வாங்குவது போல ஏறி இறங்கி, மெல்ல அடங்கி நின்றுவிடுகிறது. சோக்கைப் பாதி இழுத்தால் இன்னும் சிறிது தூரம் ஓடும். அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடியும் ஸ்டார்ட் ஆகி, முன்போலவே நிற்கும். பிளக்கையும் எயார் பில்டரையும் மாற்றிவிட்டோம். வந்து பார்த்த திருத்துநர், காபரேட்டரைப் புதிதாகப் போட வேண்டும் என்கிறார். அதன் விலை எங்களுக்குப் பெரிய தொகை. மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம். காபரேட்டரைக் கழற்றவும் வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதிலேயே அதற்கான காரணம் இருக்கிறது. பெற்றோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் காபரேட்டரில், ஜெட் எனப்படும் நுண்ணிய பெற்றோல் துளை அடைபட்டிருந்தால் அது 20ஆவது நிமிடத்தில் எப்படி அடைபட்டிருக்குமோ முதலாவது நிமிடத்திலும் அப்படியேதான் அடைபட்டிருக்கும். அந்த நிலையில் உங்கள் எஞ்சின் கால் மணி நேரம் கத்தியைச் சுழற்றிப் புல்லை வெட்டியிருக்காது. நேரம் எடுத்துத் தலைகாட்டும் குறை பெரும்பாலும் காபரேட்டருக்கு முன்னால், பெற்றோல் அதை நோக்கி வரும் வழியில்தான் இருக்கும். காபரேட்டரின் அடியிலுள்ள மிதவைக் கிண்ணம் ஒரு தேநீர்க் கோப்பையிலும் குறைவான பெற்றோலைத்தான் கொள்ளும். பாரத்தில் ஓடும் எஞ்சின் அதைக் குடித்துத் தீர்க்கும் வேகத்துக்கு மேலிருந்து பெற்றோல் வந்து சேராவிட்டால், கிண்ணத்தில் மட்டம் படிப்படியாக இறங்கி, நீங்கள் சொன்னது போலவே எஞ்சின் திணறித் திணறி நிற்கும். ஆறவிட்ட அரை மணி நேரத்தில் கிண்ணம் மெல்ல நிரம்பிக்கொள்வதால் மறுபடியும் ஓடும்.

சோக் இழுத்தால் ஓடுவதைக் கண்டுதான் உங்கள் திருத்துநர் காபரேட்டர் என்ற முடிவுக்கு வந்திருப்பார் என்று நினைக்கிறேன். சோக் காற்றின் வழியைக் குறுக்கிப் பெற்றோலைக் கூடுதலாக உறிஞ்ச வைக்கிறது. ஆகவே அந்த அறிகுறி எஞ்சினுக்குப் பெற்றோல் போதவில்லை என்பதை மட்டுமே உறுதிப்படுத்துகிறது. எந்த இடத்தில் போதாமல் போகிறது என்பதை அது சொல்வதில்லை.

ஒன்றை முதலில் நீக்கிவிட வேண்டும். சூடானதும் நின்று, ஆறியதும் ஓடும் இதே குணம், பிளக்குக்குத் தீப்பொறி கொடுக்கும் இக்னிஷன் கொயில் பழுதானாலும் உண்டு. இரண்டையும் பிரித்தறிய நிற்கும் விதத்தைக் கவனியுங்கள். கொயில் போனால் யாரோ திறப்பைத் திருப்பி அணைத்தது போல எஞ்சின் சட்டென்று நிற்கும். பெற்றோல் போதாவிட்டால் ஏறி இறங்கி, இருமி, சற்று இழுபட்டு நிற்கும். உங்களுடையது இரண்டாவது வகை. மேலும் உறுதி வேண்டுமானால், நின்ற கணத்திலேயே பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அதன் முனை உலர்ந்திருந்தால் பெற்றோல் சிலிண்டருக்கு வந்து சேரவில்லை. பெற்றோல் நனைந்திருந்தால் வேறு திசையில் தேட வேண்டும்.

இனிப் பெற்றோல் தாங்கியிலிருந்து தொடங்குங்கள். மூடியிலிருந்து என்றே சொல்லலாம். தாங்கியிலிருந்து பெற்றோல் வெளியேறும்போது அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும். அதற்காக மூடியில் மிக நுண்ணிய துளை இருக்கிறது. புல்தூளும் புழுதியும் படிந்து அந்தத் துளை அடைபட்டால், தாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகிப் பெற்றோலைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்துக்கொள்ளும். வெற்றிடம் உருவாகச் சிறிது நேரம் செல்லும் என்பதால் எஞ்சின் 15, 20 நிமிடம் நன்றாக ஓடி நிற்கிறது. அடுத்த முறை நின்றவுடன் இருக்கையிலிருந்து இறங்கி, மூடியைக் காதுக்கு அருகில் வைத்துக்கொண்டு மெதுவாகத் திருகுங்கள். 'ஸ்ஸ்' என்று காற்று உள்ளே இழுபடும் ஓசை கேட்டு, மூடியைத் தளர்த்தியபின் எஞ்சின் உடனே ஸ்டார்ட் ஆகுமானால் குறையைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். மூடியைக் கழுவி, பின்புறமிருந்து காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். சரிவராவிட்டால் புதிய மூடி வாங்குங்கள். ஆணியால் பெரிய துளை போடுவதை நான் கண்டிருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மேடுபள்ளத்தில் குலுங்கும்போது அந்தத் துளையால் பெற்றோல் சிந்திச் சூடான சைலன்சரில் விழக்கூடும்.

இதை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் இதே அறிகுறியுடன் வந்த ஒரு புல்வெட்டிக்கு நான் புதிய காபரேட்டர் போட்டுக் கொடுத்தேன். இரண்டாம் நாளே அது மறுபடியும் நடுப்புல்லில் நின்றது. பெற்றோல் அளவு பார்க்க மூடியைத் திறந்த தோட்டக்காரர்தான் அந்த ஓசையைக் கேட்டு எனக்குச் சொன்னார். அந்தக் காபரேட்டரின் விலையை உரியவருக்குத் திருப்பிக் கொடுத்தேன். அன்றுமுதல் இந்த வகைக் குறையோடு வரும் எந்த இயந்திரத்தையும் மூடியைத் தொட்டுப் பார்க்காமல் நான் ஸ்பானரைக் கையில் எடுப்பதில்லை.

மூடி நல்லதாக இருந்தால் தாங்கிக்குள் பாருங்கள். வெயிலில் வைத்து, மேலிருந்து நோக்கினால் போதும். தேவைப்பட்டால் டோர்ச் லைட் பயன்படுத்தலாம், தீக்குச்சியோ லைட்டரோ அருகில் வரவே கூடாது. மைதானத்தில் நின்றபடியே பெற்றோல் ஊற்றும்போது காய்ந்த புல்லோ மழைமரத்தின் சிற்றிலையோ உள்ளே விழுவது சாதாரணம். அந்த ஓர் இலை பெற்றோலோடு மிதந்து திரிந்து, ஓட்டத்தின் இழுவையால் வெளிவாயிலில் போய் ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் நின்று இழுவை அடங்கியதும் மெல்ல விடுபட்டு மிதக்கும். உங்கள் இயந்திரத்தின் நடத்தையோடு இதுவும் பொருந்துகிறது. இத்தகைய குறை ஆளைப் பைத்தியமாக்கும். ஏனென்றால் நாம் சோதிக்கும் நேரத்தில் எல்லாமே சரியாக இருக்கும்.

தாங்கியில் இருப்பது ஜனவரியில் ஊற்றிய பெற்றோலானால் அதை முழுவதும் இறக்கிவிடுங்கள். பெற்றோலின் இலகுவான பகுதிகள் ஆவியாகிப் போக, எஞ்சியது காற்றோடு சேர்ந்து பிசினாக மாறத் தொடங்கும். ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருந்த பெற்றோலை இத்தகைய சிறிய எஞ்சின்களுக்கு ஊற்றாமல் இருப்பதே நல்லது. நல்ல பெற்றோலின் மணம் மூக்கில் சுரீரென்று ஏறும். பழையது பழைய பெயின்ற் டின்னைத் திறந்தது போல மணக்கும். இறக்கியதில் கொஞ்சத்தைக் கண்ணாடிப் போத்தலில் ஊற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். அடியில் முத்துமுத்தாக உருண்டு நிற்பது தண்ணீர். நம் கரையோர ஈரக்காற்றில் பாதி நிரம்பிய தாங்கியின் உட்சுவரில் இரவில் நீர் கோத்து அடியில் சேர்ந்துவிடும். இந்த வேலைகளை எஞ்சின் ஆறியபின், திறந்த வெளியில், பற்றரியின் எதிர்முனையைக் கழற்றிவைத்துவிட்டுச் செய்யுங்கள். பெற்றோலின் ஆவி காற்றிலும் கனமானது. தரையோடு தவழ்ந்து தூரத்திலுள்ள நெருப்பையும் தேடிப் போகும். குழாயை வாயில் வைத்து உறிஞ்சி இறக்கும் பழக்கம் 2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியின்போது எத்தனையோ பேரிடம் ஒட்டிக்கொண்டது. ஒரு மிடறு பெற்றோல் நுரையீரலுக்குள் போனாலே உயிருக்கு ஆபத்து. கையால் அழுத்தும் இறப்பர்ப் பம்பு ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். பழைய பெற்றோலை வீதிக் கானில் ஊற்றாதீர்கள். வெள்ளவத்தையில் கானில் விடுவது கடலில் விடுவதுதான். கழிவெண்ணெய் சேகரிக்கும் கராஜ் ஒன்றிடம் கொடுங்கள்.

அடுத்தது பில்டரும் குழாய்களும். கண்ணாடி போன்ற பிளாஸ்ரிக் பில்டர் பாதிதான் நிரம்பியிருக்கிறது என்று பலர் கவலைப்படுகிறார்கள். அது பெரும்பாலும் குறையல்ல. அதன் உள்ளே இருக்கும் தாள் கறுத்திருக்கிறதா, அம்புக்குறி காபரேட்டரை நோக்கியிருக்கிறதா என்பவைதான் முக்கியம். கார்களுக்கான பில்டரை வாங்கிப் பொருத்துபவர்களும் உண்டு. காரின் பம்பு தள்ளும் அழுத்தத்துக்காகச் செய்யப்பட்ட அந்தப் பில்டர், இந்தச் சிறிய இயந்திரத்தின் மென்மையான ஓட்டத்தைத் தடுத்துவிடும். குழாயைப் பொறுத்தவரை வெளித்தோற்றத்தை நம்பாதீர்கள். பழைய இறப்பர்க் குழாய் வெளியே பளபளப்பாக இருந்துகொண்டு உள்ளே வீங்கியோ உரிந்தோ வழியை அடைத்திருக்கும். கழற்றி ஊதிப் பார்த்தால் தெரியும். குழாய் சைலன்சரிலோ சிலிண்டரிலோ உரசிக்கொண்டு போகிறதா என்றும் பாருங்கள். நம் மதிய வெயிலில் அந்தச் சூட்டால் குழாய்க்குள்ளேயே பெற்றோல் ஆவியாகி ஓட்டத்தை மறித்துவிடும். சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகளுக்குள் புல் அடைந்திருந்தால் அதையும் அகற்றுங்கள்.

இப்போது பம்புக்கு வருகிறேன். உங்கள் குறை இங்கே இருப்பதற்கான வாய்ப்பும் நிறையவே உண்டு. ஆள் அமர்ந்து ஓட்டும் இயந்திரங்கள் பலவற்றில் தாங்கி காபரேட்டரை விடத் தாழ்வாக இருப்பதால், பெற்றோல் தானாக வழிந்து வராது. பம்பு தள்ள வேண்டும். அந்தப் பம்புக்கு மின்சாரமும் இல்லை, பட்டியும் இல்லை. பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது எஞ்சினின் அடிப்பெட்டிக்குள் காற்றழுத்தம் மாறி மாறி ஏறி இறங்குகிறது. அந்தத் துடிப்பு ஒரு சிறு குழாய் வழியே வந்து, பம்பினுள் இருக்கும் மெல்லிய இறப்பர்ச் சவ்வை அசைக்கிறது. சவ்வின் ஒவ்வோர் அசைவும் ஒரு துளிப் பெற்றோலை முன்னே தள்ளுகிறது. சவ்வு விறைத்துப்போனாலோ, துடிப்புக் குழாயில் தலைமயிர் அளவு வெடிப்பு விழுந்தாலோ பம்பு வேலை செய்வது போலத்தான் இருக்கும், ஆனால் பாரத்துக்குப் போதாது.

சோதிப்பது எளிது. காபரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி அதன் வாயைப் போத்தலுக்குள் செருகுங்கள். பிளக்கிலிருந்து வயரை எடுத்து, தீப்பொறி பறக்காதபடி அதை எஞ்சினின் உலோகத்தோடு சேர்த்துக் கட்டுங்கள். பற்றரியை மறுபடியும் இணைத்துவிட்டு, உதவிக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, சில விநாடிகள் ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள். பெற்றோல் நாடித் துடிப்புப் போல ஒழுங்காகப் பீச்சியடிக்க வேண்டும். சொட்டுச் சொட்டாக விழுந்தாலோ இடையிடையே குமிழி வந்தாலோ, முதலில் பம்புக்கு உள்வரும் குழாயைச் சோதித்து, அதில் குறை இல்லையென்றால் பம்பை மாற்றுங்கள். பொதுவாக அது காபரேட்டரை விட மிகவும் மலிவு. உதிரிப்பாகம் வாங்கப் பஞ்சிகாவத்தைக்குப் போகும்போது பழைய பம்பையும், எஞ்சினில் பொறித்திருக்கும் மாதிரி இலக்கத்தையும் கொண்டு போங்கள். பார்ப்பதற்கு ஒரே மாதிரியான பம்புகளில் குழாய் வாய்களின் திசை மட்டும் மாறியிருக்கும்.

இவை எல்லாம் சரியாக இருந்து, போத்தலில் பெற்றோல் நன்றாகப் பீச்சியும் எஞ்சின் திணறினால், அப்போதுதான் காபரேட்டரைத் திறக்க வேண்டும். அப்போதும் புதியது வாங்குவதற்கு அல்ல, கழுவுவதற்கு. கிண்ணத்தைப் பிடிக்கும் ஆணியைக் கழற்றும்போது கவனம்: பல இயந்திரங்களில் அந்த இடத்தில் இரு வயர்களோ ஒரு வயரோ வரும் சொலினொயிட் இருக்கும். திறப்பைப் போட்டதும் 'டிக்' என்ற ஓசையோடு அதன் ஊசி உள்ளே இழுபட்டுப் பெற்றோலுக்கு வழிவிடும். திறப்பை எடுத்ததும் வழியை மூடும். அந்த ஓசை கேட்காவிட்டால் 12 வோல்ட் வந்து சேர்கிறதா என்று பாருங்கள். கிண்ணத்தின் அடியில் மஞ்சள் பிசின் படிந்திருந்தால் அது பழைய பெற்றோலின் வேலை. வெள்ளைப் பொடி படிந்திருந்தால் தண்ணீரின் வேலை. பிரதான ஜெட் என்பது நடுவே நுண்ணிய துளையுள்ள பித்தளைத் துண்டு. அதைக் கழுவியபின் விரல்நுனியில் பிடித்து வானத்தை நோக்கி ஒரு கண்ணால் பாருங்கள். துளையின் ஒளி முழுவட்டமாகத் தெரிய வேண்டும். பிறைபோல் தெரிந்தால் ஓர் ஓரத்தில் பிசின் இன்னும் இருக்கிறது. கம்பியால் குத்தாதீர்கள். பித்தளை மிருதுவானது, துளை ஒரு மயிரிழை அகன்றாலும் பிறகு எஞ்சின் கறுப்புப் புகை விடும், அந்த ஜெட்டைத் திருத்தவே முடியாது. தூண்டில் நைலோன் இழை ஒன்றை உள்ளே விட்டுத் துடைத்து, கிளீனர் தெளித்துக் காற்றடிப்பதே போதும்.

மே மாதம் தொடங்கித் தென்மேற்குப் பருவமழையில் உங்கள் மைதானத்துக்கு ஓய்வே இருக்காது என்பது தெரியும். மூடியையும் தாங்கியையும் பார்க்க அரை மணி நேரம் போதும். அவற்றை முதலில் பாருங்கள். காபரேட்டருக்கு ஒதுக்கிய பணத்தை மற்றவற்றைப் பார்த்து முடிக்கும்வரை கையிலேயே வைத்திருங்கள்.

கேள்வி: கொட்டாஞ்சேனையில் ஒரு தேவாலய வளவில் வேலை செய்கிறேன். எங்கள் புல்வெட்டியின் எஞ்சின் எண்ணெயைப் பார்த்தபோது, ஊற்றாமலே அதன் மட்டம் கூடியிருந்தது. பெற்றோல் மணமும் வீசுகிறது. எஞ்சின் ஓடத்தான் செய்கிறது. தொடர்ந்து ஓட்டலாமா?

பதில்: ஓட்டவே கூடாது. இதை வாசித்தவுடன் திறப்பை எடுத்து வைத்துவிடுங்கள். பெற்றோல் கலந்த எண்ணெய் தண்ணீர் போல நீர்த்துவிடும். பேரிங்குகளுக்கு இடையே நின்று தாங்க வேண்டிய படலம் அதில் உருவாகாது. சில மணி நேர ஓட்டம் எஞ்சினின் ஆயுளையே முடித்துவிடக்கூடும். அடிப்பெட்டிக்குள் பெற்றோல் ஆவி நிறைந்திருப்பது தீ ஆபத்தும்கூட.

பெற்றோல் அங்கே போக இரண்டு வழிகள்தான் பெரும்பாலும் இருக்கும். காபரேட்டரின் மிதவை உயர்ந்ததும் வழியை மூட வேண்டிய ஊசி வால்வு தேய்ந்தோ, தூசி சிக்கியோ மூடாமல் விட்டால், தாங்கி மேலே இருக்கும் இயந்திரங்களில் இரவு முழுவதும் பெற்றோல் வழிந்து சிலிண்டருக்குள் இறங்கி, பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எண்ணெயில் கலக்கும். சில காலைகளில் ஸ்டார்ட்டர் எஞ்சினைச் சுழற்ற முடியாமல் முட்டி நின்றிருந்தால், சிலிண்டரே பெற்றோலால் நிறைந்திருந்தது என்று அர்த்தம்; அப்போது விடாமல் முடுக்கினால் உள்ளே எதுவும் வளைந்து போகலாம். மற்ற வழி, மேலே சொன்ன பம்பின் சவ்வு கிழிவது. துடிப்பு வர வேண்டிய குழாய் வழியாகவே பெற்றோல் அடிப்பெட்டிக்குள் போய்விடும். அந்தச் சிறு குழாயைப் பம்பிலிருந்து கழற்றிப் பாருங்கள். அதற்குள் காற்று மட்டுமே இருக்க வேண்டும். பெற்றோல் நனைந்திருந்தால் பம்பை மாற்ற வேண்டும். உலர்ந்திருந்தால் ஊசி வால்வையும் மிதவையையும் பார்க்க வேண்டும். மிதவையைக் காதருகில் குலுக்கினால் உள்ளே பெற்றோல் ஆடும் ஓசை கேட்கிறதா என்றும் கவனியுங்கள். கேட்டால் அது ஓட்டையாகி மூழ்கிவிட்டது.

குறையைத் திருத்தியபின்தான் எண்ணெயை மாற்ற வேண்டும், முன்னர் மாற்றினால் புதிய எண்ணெயும் கெடும். அதன்பிறகு வேலை முடிந்த ஒவ்வொரு நாளும் தாங்கியின் அடியிலுள்ள பெற்றோல் டப்பை மூடிவிடுங்கள். டப் இல்லாத இயந்திரமானால் குழாயின் இடையில் ஒன்றைப் பொருத்திக்கொள்ளலாம்.

கேள்வி: 95 ஒக்டேன் பெற்றோல் ஊற்றினால் புல்வெட்டி நன்றாக ஓடுமா? கையேட்டில் 87 என்று போட்டிருக்கிறது, அது இங்கே கிடைப்பதில்லையே? (பம்பலப்பிட்டி வாசகி)

பதில்: கையேட்டிலுள்ள 87 அமெரிக்காவின் அளவுமுறை. நம் நாட்டில் பெற்றோல் ஷெட்டில் எழுதியிருக்கும் அளவுமுறையில் அது ஏறத்தாழ 91 ஆகும். ஆகவே 92 ஒக்டேன் தாராளமாகப் போதும். 95க்குக் கொடுக்கும் மேலதிகப் பணத்தால் இந்த எஞ்சினுக்குப் பயன் எதுவும் இல்லை. தீங்கும் இல்லை.

உங்கள் கேள்வியோடு சேர்த்து ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தோளில் மாட்டிப் புல் வெட்டும் சிறிய இயந்திரமும் உங்கள் வீட்டில் இருக்குமானால், அது டூ ஸ்ட்ரோக் ஆக இருந்தால், அதற்கான எண்ணெய் கலந்த பெற்றோலும் இதற்கான வெறும் பெற்றோலும் ஒரே நிறக் கேனில் பக்கத்தில் பக்கத்தில் இருக்க விடாதீர்கள். எண்ணெய் கலந்தது பெரிய இயந்திரத்துக்குள் போனால் புகை விட்டுப் பிளக்கைக் கறுப்பாக்கும், அவ்வளவுதான். வெறும் பெற்றோல் அந்தச் சிறிய இயந்திரத்துக்குள் போனால் சில நிமிடங்களிலேயே பிஸ்டன் இறுகிவிடும். இரண்டு கேன்களிலும் பெரிய எழுத்தில் பெயரையும் வாங்கிய திகதியையும் எழுதி ஒட்டி வையுங்கள்.